பேலன்ஸ்காரர் வீட்டுச் சத்தம்

அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. டயர்க் கடையில் சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்க்கிறவர் என்பதால் பேலன்ஸ்காரர் என்றே ஆகிவிட்டார். கடை முதலாளி, எதிரே சாவி வெட்டிக் கொடுப்பவர், குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர், எல்லாருக்கும் அவர் பேலன்ஸ்காரர்தான். மனைவிக்கு மட்டும் ‘என்னங்க’.

வேகம் எடுத்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார்கள். எப்போதிலிருந்து, எந்தச் சாலையில், என்ன வேகத்தில் என்றெல்லாம் அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் இவர் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றியிருப்பார். இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றினால் எந்த இடத்தில் எவ்வளவு கனம் குறைகிறது என்று அதுவே காட்டிவிடும். விளிம்பில் அந்த இடத்தில் ஒரு சின்ன ஈயத் துண்டை வைத்துத் தட்டுவார். மறுபடி சுழற்றும்போது, பம்பரம் தூங்குகிறது என்போமே, அந்த மாதிரி சக்கரம் நின்றதுபோலவே சுற்றும். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வருகிற திருப்தியைப் பெரிய பெரிய பதவியில் இருப்பவர்கள் முகத்தில்கூடப் பார்க்க முடியாது.

தொழிலில் சுத்தம், ஆள் தங்கம். கோளாறு ஒன்றே ஒன்றுதான். யாராவது குறை என்று வாயைத் திறந்தால் போதும், அடுத்த வார்த்தை வருவதற்குள் கை வேலையை ஆரம்பித்துவிடும். காது பாதி கேட்டதுமே கை புறப்பட்டுவிடுகிற ரகம். கடையில் அதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பேர். வீட்டில் அது என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். காலையில் காதில் மாட்டுகிற கருவியைச் சாயங்காலம்தான் கழற்றுவாள். எந்த வார்டு, எந்த டாக்டர், ரத்தம் எங்கே கிடைக்கும், என் அப்பா பிழைத்துக்கொள்வாரா என்று ஊரே அவள் காதுக்குள் வந்து அழும். எத்தனை பதற்றமான குரலாக இருந்தாலும் அவள் ஒரே சீராக, “சொல்லுங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்பாள். அந்தக் குரலைக் கேட்டே பாதிப் பேர் அழுகையை நிறுத்திவிடுவார்கள் என்று அங்கே பேச்சு.

வீட்டுக்கு வந்தால் அவளுக்கு யார் குரலும் ஆகாது. பையை ஆணியில் மாட்டுவாள், முகம் கழுவுவாள், கூடத்தில் ஜன்னல் மூலையில் கிடக்கும் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, ஒரு குட்டி முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். தெருவிளக்கு எரிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். யாரும் பேசவும் கூடாது. பேலன்ஸ்காரர் டீ போட்டு ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் பூனைபோல விலகிப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, “இன்னிக்கு வேல அதிகமா?” என்று அந்த நேரத்தில் வாயைக் கொடுத்து அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாம் மாறிவிடும். ஒரே மகள் வேலைக்கு வேறு ஊர் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சினிமா பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் அவருக்குச் சினிமாமேல் அப்படி ஒன்றும் மோகம் இல்லை. அவள் சொல்கிற வியாக்கியானம்தான் வேண்டும். “இவன் பொய் சொல்றான் பாருங்க. குரல் வழுக்குது.” “இந்தம்மா அழறது நடிப்பு. நெஜமா அழறவங்க மூச்சு இப்படி வராது.” பாதிப் படத்திலேயே கொலைகாரன் யார் என்று குரலை வைத்துச் சொல்லிவிடுவாள். அது சில நாள் சரியாக இருக்கும். தப்பாக இருந்தால், படம் எடுத்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நாள் முழுக்கச் சக்கரங்களோடு கழிக்கிற மனிதருக்கு அந்த நேரம் ஒன்றுதான் இனிப்பு.

இந்த நிம்மதியான வீட்டுக்குள்தான் மச்சினன் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினான். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். கூடவே ஐந்து சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு குண்டுப் பெட்டி, பாம்புக் குட்டிகள்போல ஒயர்கள்.

“கடையில சும்மா கெடக்குது மாமா. டிவியில மாட்டிட்டீங்கன்னா வீடே தியேட்டர்தான். கலருக்குக் கலர் சொருகுங்க, முடிஞ்சு போச்சு.”

“இந்தக் குண்டுப் பெட்டி எதுக்கு மாப்ளே?”

“அதுதான் அதிர்வு குடுக்கறது. ஏதாவது மூலையில வைங்க. மூலையில வச்சாத்தான் அது கர்ஜிக்கும்.”

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அடுத்த விடுமுறை நாளில் மனைவி வேலைக்குப் போனதும் இவர் களத்தில் இறங்கினார். கூடத்தில் மூலைகள் நான்கு. ஒன்றில் வாசல் கதவு. ஒன்றில் அலமாரி. ஒன்று சமையலறைக்குப் போகிற வழி. மிச்சம் இருந்தது ஜன்னல் மூலை. பிரம்பு நாற்காலியை ஒரு கையால் தூக்கினார், பின்பக்கம் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிற பால்கனியில் கொண்டுபோய்ப் போட்டார். அங்கே நல்ல காற்று வரும், அவளுக்கு இன்னும் சௌகரியம் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். அதோடு அந்த விஷயம் அவர் மனசை விட்டே போய்விட்டது. கலருக்குக் கலர் சொருகினார். ஸ்பீக்கர்கள் வந்த அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப்போட மனசு வராமல், மடித்து அந்த நாற்காலிமேலேயே அடுக்கிவைத்தார்.

சாயங்காலம் அவள் வந்தாள். பையை மாட்டினாள், முகம் கழுவினாள், நாலு எட்டு வைத்து ஜன்னல் பக்கம் வந்து அப்படியே நின்றாள். குண்டுப் பெட்டி உட்கார்ந்திருந்தது. முக்காலி மட்டும் அநாதையாகப் பக்கத்தில் கிடந்தது. பால்கனியை எட்டிப் பார்த்தாள். அட்டைப் பெட்டிக் குவியலுக்கு அடியில் பிரம்பு தெரிந்தது. அவர் வாயெல்லாம் பல்லாக, “ராத்திரி பாரு, அசந்துடுவ” என்றார். அவள் “ம்” என்று சொல்லிவிட்டு சோபா ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

ராத்திரி படம் ஓடியது. ரயில் நிலையத்தில் ஒருவனும் ஒருத்தியும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியது போர்வைக்குள் இருந்து யாரோ முனகுவதுபோலக் கேட்டது. கூட்டத்தின் இரைச்சல்தான் பளிச்சென்று இருந்தது. அவருக்கே சங்கடமாக இருந்தது. அப்போதுதான் பக்கத்தில் இருந்து அவள் மெதுவாகச் சொன்னாள்.

“கேக்கவே இல்ல.”

சொல்லி வாய் மூடவில்லை. அவர் கை ரிமோட்டுக்குப் போய் சத்தத்தைச் சரசரவென்று கூட்டியது. பேச்சு கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின, கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் டக் டக் என்று இடித்தார். இவர் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சோபாவில் பாதி காலி. அவள் எழுந்து உள்ளே போய்விட்டிருந்தாள்.

மறுநாள் சாப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, “நீங்க பாருங்க” என்று அறைக்குள் போய்விட்டாள். அதற்கு மறுநாளும் அப்படியே. கோபம் என்று சொல்வதற்கில்லை. சாப்பாடு போட்டாள், மகளிடம் போனில் பேசினாள், இவர் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்தும் கொடுத்தாள். சோபாவுக்கு மட்டும் வரவில்லை. சாயங்காலத்தில் அந்த மௌன நேரத்தை அறைக்குள் கட்டில் ஓரத்தில், விளக்கைப் போடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்து கழித்தாள். இவர் டீயைக் கொண்டுபோய் வைத்தால் எடுத்துக்கொள்வாள். அதோடு சரி.

பேலன்ஸ்காரருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது, அதாவது தெரிந்ததாக நினைத்துக்கொண்டார். அவளுக்குக் கேட்கவில்லை. நாள் முழுக்கக் காதால் உழைக்கிறவளுக்கு ராத்திரியும் காதுக்குத் தொல்லை, அதனால்தான் வரவில்லை. சத்தத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அவள் பழையபடி பக்கத்தில் வந்து உட்காருவாள், ‘இவன் பொய் சொல்றான்’ என்பாள். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்துவதுதானே அவர் தொழில்?

மச்சினனுக்குப் போன் போட்டார்.

“மாப்ளே, பேச்சு காதுல விழல. சண்டைன்னா காது கிழியுது. ஒரு படம் ஒரு மாதிரி, இன்னொரு படம் இன்னொரு மாதிரி. எல்லாத்தையும் ஒரே அளவா வைக்க முடியாதா?”

“அது சாதாரண விஷயம் மாமா. சவுண்டு செட்டிங்குல லவுட்னஸ் ஈக்வலைசேஷன்னு ஒண்ணு இருக்கும். டிக் பண்ணுங்க. சின்ன சத்தத்தத் தூக்கும், பெரிய சத்தத்த அமுக்கும்.”

டிக் செய்தார். கொஞ்சம் மாறிய மாதிரி இருந்தது, மாறாத மாதிரியும் இருந்தது. படம் ஓட்டுகிற பிளேயருக்குள் நுழைந்து துழாவியதில் அதே மாதிரி இன்னொன்று கிடைத்தது. அதையும் டிக் செய்தார். ஸ்பீக்கரோடு வந்த ரிமோட்டில் நிலாப் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அக்கம்பக்கம் தூங்குகிறபோது பயன்படுத்துவதாம், அதுவும் பெரிய சத்தத்தை அமுக்குமாம். அதையும் அழுத்தினார். டிவியிலும் ஏதோ ஒன்று இருந்தது. விடுவாரா?

இப்போது நாலு பேர் ஒரே கயிற்றைப் பிடித்து நாலு பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள். கதாநாயகி காதோடு காதாக ரகசியம் சொன்னால் சந்தையில் கூவுகிற மாதிரி கேட்டது. அவள் பேசி நிறுத்தியதும், எங்கோ பின்னால் இருந்த பூச்சிச் சத்தம், காற்று, யாரோ புடவையைச் சரிசெய்கிற சரசரப்பு எல்லாம் மெல்ல மெல்லப் பொங்கி வந்து கூடத்தை நிரப்பியது. யாராவது கதவைச் சாத்தினால் அவ்வளவும் தொபுக்கென்று அமுங்கி, அடுத்து வருகிற வசனம் காணாமல் போயிற்று. துப்பாக்கிச் சத்தமும் தும்மல் சத்தமும் ஒரே உயரத்தில் இருந்தன. ஆனாலும் பேச்சு மட்டும் அந்தப் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. எல்லாப் பேச்சும் மூலையில் இருந்து முனகலாகவே வந்தது. நடுவில் டிவிக்கு அடியில் இருந்த பெட்டியோ, படத்தில் அடிதடி வந்தால் மட்டும் ‘டொம்’ என்றது, மற்ற நேரம் வாயைத் திறக்கவில்லை. அதன் சுபாவம் அப்படிப் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

கம்ப்யூட்டரில் ஒரு வால்யூம், பிளேயரில் ஒன்று, ஸ்பீக்கரில் ஒன்று, டிவியில் ஒன்று. எதைத் திருகினால் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று ஒரு மண்ணும் பிடிபடவில்லை. இரண்டு கையிலும் இரண்டு ரிமோட்டை வைத்துக்கொண்டு அவர் கூடத்தின் நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்தால் எதிரிக்கும் பாவமாக இருந்திருக்கும். நம்முடைய காதில்தான் கோளாறோ என்று சந்தேகம் வந்து, கடையில் காற்றடிக்கும் குழாயின் சீறலைத் தள்ளி நின்று கேட்டுப் பார்த்தார். நன்றாகவே கேட்டது. அதில் குழப்பம் இன்னும் அதிகமாயிற்று.

பின்பக்கப் பெட்டிகள் காது மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தார். ஒன்றை அலமாரிமேல் ஏற்றினார். மற்றதற்கு உயரம் வேண்டியிருந்தது. ஜன்னல் பக்கம் கிடந்த குட்டி முக்காலி அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. அதை இழுத்து அதன்மேல் பெட்டியை வைத்தார்.

ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு அறைக்குள் பார்த்துக் குரல் கொடுப்பார்.

“கொஞ்சம் வந்து கேளேன். இன்னிக்குப் பரவால்லன்னு தோணுது.”

“நான் எதுக்குக் கேக்கணும்? கேக்க வேண்டியவங்க நீங்கதான்.”

இதற்கு என்ன அர்த்தம்? அவர் யோசித்து யோசித்துப் பார்த்தார். காதைத் தீட்டிக் கவனமாகக் கேட்டால் கோளாறு பிடிபடும் என்று சொல்கிறாள் போலிருக்கிறது. சரி என்று கண்ணை மூடி, கையைக் கட்டிக்கொண்டு, பூச்சிச் சத்தத்தையும் புடவைச் சரசரப்பையும் தவம்போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து எட்டிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனதை அவர் கவனிக்கவில்லை.

மனிதர் இளைத்தே போய்விட்டார். பொய் இல்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும், இவர் பக்கத்தில் காலியாக இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் ஒருவன் தழுதழுத்துக்கொண்டு சத்தியம் செய்வான். அது நிஜமா பொய்யா என்று சொல்ல ஆள் இல்லை. இத்தனை வருஷம் சினிமா பார்த்தும் தமக்கு ஒரு குரலும் புரியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு நாள் பாதியில் அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில் கடைக்கு ஒரு வண்டி வந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி ஈயத் துண்டுகள் பல் வரிசைபோல ஒட்டியிருந்தன. பார்த்ததும் பேலன்ஸ்காரருக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

“எவன் சார் இப்படி ஒட்டினது? ஆட ஆட ஒட்டிக்கிட்டே போயிருக்கான். முதல்ல எல்லாத்தையும் பிடுங்கிட்டு, எதனால ஆடுதுன்னுல்ல பாக்கணும்?”

எல்லாவற்றையும் பிடுங்கினார். உட்பக்கம் பார்த்தால் ஒரு கை அளவு சேறு காய்ந்து கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுச் சுழற்றினார், ஒரே ஒரு ஈயத் துண்டில் சக்கரம் தூங்கியது. கையைத் துடைத்துக்கொண்டவர் துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். இதையே வீட்டில் நாம் செய்துகொண்டிருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. உடனே மச்சினனுக்குப் போன் போட்டு, “போன்ல சொன்னதெல்லாம் போதும் மாப்ளே, நேர்ல வா. எல்லாத்தையும் பிடுங்கிட்டு முதல்லேருந்து பாரு” என்றார்.

அடுத்த விடுமுறை நாள் சாயங்காலம் மச்சினன் வந்தான். “அக்கா, டீ” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். செட்டிங்குகளைத் திறந்தவன் வாயைப் பிளந்தான்.

“மாமா! நாலு இடத்துலயும் போட்டு வச்சிருக்கீங்க?”

“ஒண்ணு பத்தலயேன்னு…”

“ஒண்ண ஒண்ணு கடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு. இதுல படம் பாத்தா பைத்தியம்தான் புடிக்கும்.”

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு பெட்டியாகச் சோதித்தான். இடது பக்கம் என்று ஒரு பெண் குரல் சொன்னது, இடது பெட்டியில் இருந்து வந்தது. வலது பக்கம் என்றது, சரியாக வந்தது. நடுவில் என்றபோது நடுப் பெட்டி கம்மென்று இருக்க, ஜன்னல் மூலையில் குண்டுப் பெட்டி ‘ம்ம்ஹூம்’ என்று முனகியது. மச்சினன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

“இந்தா இருக்கு கோளாறு. படத்துல பேசற பேச்செல்லாம் நடுப் பெட்டிக்குத்தான் மாமா போகும். நடுப் பெட்டிக்கும் குண்டுப் பெட்டிக்கும் போறது ஒரே ஒயர்தான், அதுக்குள்ள ரெண்டு வழி. இந்த செட்டுல அது ரெண்டும் இடம் மாறியிருக்கு. பேச்சு பூரா மூலைக்குப் போயிடுச்சு. அதுக்குப் பேசத் தெரியுமா? உறுமத்தான் தெரியும். நான் முதல்லயே சொல்லியிருக்கணும், மறந்து தொலச்சிட்டேன்.”

எங்கோ ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டான். அவ்வளவுதான். ரயில் நிலையப் படத்தை ஓட்டியதும் அந்த இருவரும் கூடத்துக்குள் வந்து நின்று பேசுகிற மாதிரி இருந்தது. பெரிய சத்தம் தலைதூக்காமல் இருக்க ஒரே ஒரு இடத்தில் மட்டும் லேசாக அமுக்கிவைத்தான். ரயில் வந்தது, போனது. தம்ளர்கள் சும்மா இருந்தன, கீழ்வீட்டுத் துடைப்பமும் சும்மா இருந்தது.

பேலன்ஸ்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

“வா, வா, சீக்கிரம் வா! இனிமே நீ கேக்கலன்னு சொல்லவே முடியாது!”

அவள் டீத் தம்ளர்களோடு வந்து, தம்பிக்கு ஒன்று கொடுத்துவிட்டு நின்றபடியே கொஞ்ச நேரம் கேட்டாள்.

“நல்லா இருக்கு” என்றாள்.

“இப்ப நல்லாக் கேக்குதா?”

“எனக்கு எப்பவும் நல்லாத்தான் கேட்டுச்சு. ஆஸ்பத்திரி லைன் இதவிட மோசமா இருக்கும். அதுலயே வார்டு நம்பர் புரிஞ்சுக்கறவளுக்கு இது என்ன பிரமாதம்?”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“பின்ன அன்னிக்குக் கேக்கவே இல்லன்னு சொன்னியே?”

“சொன்னேன்.”

“அப்ப?”

“எனக்குக் கேக்கலன்னா சொன்னேன்?”

“வேற யாருக்கு?” என்று கேட்டவர் மச்சினனைப் பார்த்தார். அவன் டீத் தம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

“நீங்க கேக்கலன்னு சொன்னேன். என் நாற்காலிய எடுத்து வெளிய போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேக்கவே இல்லன்னு சொன்னேன்.”

கூடத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. கேக்கவே இல்ல. இத்தனை நாள் அவர் மல்லுக்கட்டியது அந்த ஒரு வார்த்தையின் தப்பான பாதியோடு. முக்காலி ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தார், பெட்டியைச் சுமந்துகொண்டு நின்றது. அட்டைப் பெட்டிகள் ஞாபகம் வந்தது. கேக்க வேண்டியவங்க நீங்கதான் என்றாளே, அதுவும் இப்போது வேறு மாதிரி காதில் வந்து விழுந்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

“அதுகூடப் பரவால்ல” என்றாள் அவள். இவ்வளவு நேரம் ஆஸ்பத்திரிக் குரல்போல ஒரே சீராக இருந்த குரல் அந்த இடத்தில் கொஞ்சம் நடுங்கியது. “நான் அப்படிச் சொன்ன உடனே நீங்க என்ன செஞ்சீங்க? ரிமோட்ட எடுத்துச் சத்தத்தக் கூட்டினீங்க. என்னைப் பேசாதன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.”

அவள் பேச்சை அமுக்கக் கூட்டிய சத்தம் இல்லை அது, படம் அவள் காதில் விழ வேண்டும் என்று கூட்டியது என்றெல்லாம் சொல்ல நினைத்தார். எப்படிச் சொன்னாலும் அது ஒன்றுக்கொன்று சிக்கிக்கொண்டது. கம்ப்யூட்டரை நிறுத்தினார்.

“மாமா, நான் அப்பறம் வரேன்” என்று மச்சினன் செருப்பை மாட்டினான். தப்பித்தோம் பிழைத்தோம் என்று படியிறங்கும் சத்தம் கேட்டது.

பேலன்ஸ்காரர் பால்கனிக்குப் போனார். அட்டைப் பெட்டிகளை வாரித் தரையில் போட்டார். நாற்காலியின் கையில் சோப்புத் தூள் படிந்திருந்தது, சட்டையாலேயே துடைத்தார். தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். குண்டுப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு ஜன்னல் மூலையில் நாற்காலியைப் போட்டுவிடலாம் என்று காலும் நீண்டது. இரண்டு நிமிட வேலை.

நீட்டிய காலை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இத எங்க வைக்கட்டும்?” என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் போகத் திரும்பியவள் நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள், குண்டுப் பெட்டியைப் பார்த்தாள், கதவு மூலையைப் பார்த்தாள். நிதானமாக சோபாவில் போய், பழைய இடத்தில், பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன்.”

“சரி.” நாற்காலி இரண்டு கையிலும் இருந்தது. “கீழ வச்சிடட்டுமா?”

“கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க” என்றாள். உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “இப்பத்தான் கேக்கறீங்க.”

வெளியே இன்னும் தெருவிளக்கு எரியவில்லை. அவள் நேரம் அது. அவர் வாயைத் திறக்காமல், நாற்காலியைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் சொல்லட்டும் என்று நின்றார்.